டிச் பட்டன்

புள்ளை பட்டனை முழுங்கிப்போட்டான்னு மொதல்ல சொன்னதே நானுங்க.

என் லைன் ஊட்டுல குடியிருக்கிற விஜயராணி, தெக்கத்திக்காரி. அவ மக பிரின்சிக்கு அஞ்சு வயசு. சைக்கிள்ல இருந்து விழுந்துட்டான்னு எக்ஸ்ரே எடுத்தாங்க. எலும்புக்கு ஒண்ணுமில்லை. ஆனா முதுகெலும்புக்குப் பக்கத்துல சின்னத் தோட்டாவாட்டம் வெள்ளையா என்னமோ தெரிஞ்சுது.

ஊட்டுல உக்காந்து கொழந்தைச் சட்டைக்கு டிச் பட்டன் அடிக்கிறவ விஜயராணி. பட்டன் ஊடு பூரா உருண்டு கெடக்கும். அப்புறம் என்ன சந்தேகமுங்க?

ஒரு வாரம் வாழைப்பழமாக் குடுத்து, தெனமும் காலையில நாலு பொம்பளைங்க நின்னு பாத்தோம். பட்டன் வரலை. மறுபடி எக்ஸ்ரே எடுத்தா, அதே எடத்துல அசையாம இருக்குது. வயித்தைத் திறந்துதான் பாக்கோணும்னுட்டார் எக்ஸ்ரே பாத்த டாக்டர். விஜயராணி அன்னையில இருந்து சோறே திங்கலை.

நான் விடுவனா? புள்ளையைப் பாத்துக்கத் துப்பில்லாதவளுக்கு எதுக்குப் புள்ளைன்னு கொழாயடியில நாலு பேர் முன்னால கேட்டுப்போட்டேன். அவ கொடத்தைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

ஆபரேஷனுக்கு முந்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க, நானும்தான் கூடப் போனேன். ஸ்கேன் எடுக்கிற டாக்டர் தரணீதரன் சின்ன வயசு. புள்ளை வயித்துல கருவியை வெச்சுத் தேச்சவரு, திடீர்னு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு திரைக்குள்ள தலையை நொழைக்காத கொறையாப் பாத்தாரு.

"பட்டனே இல்லீங்க. இது கொடல்லயே இல்லை. பெரிய ரத்தக் கொழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சு, சுண்ணாம்புக் கட்டியாட்டம் கெட்டியாயிருக்குது. நான் புஸ்தகத்துல மட்டும்தான் பாத்திருக்கேன்."

நானும் திரையை எட்டி எட்டிப் பாத்தேனுங்க.

பொறந்தப்பக் கண்ணாடிப் பொட்டியில வெச்சாங்களா, தொப்புள் வழியாக் கொழாய் போட்டாங்களான்னு படபடன்னு கேட்டாரு. போட்டிருந்தா இது அப்ப உறைஞ்ச பழைய கட்டியாத்தான் இருக்கும், கத்தி வெக்க வேண்டாம், அப்பப்ப ஸ்கேன் பாத்துக்கிட்டாப் போதும்னாரு.

விஜயராணி என்னையப் பாத்தா. கட்டில்ல படுத்திருந்த புள்ளையப் பாத்தா.

எனக்கு வந்துதே கோவம். "ஏனுங்கம்மிணி, பெத்தவளுக்கு இதுகூடவா ஞாபகமில்லை?"

அவ பையில இருந்து, பனியன் கவர்ல மடிச்சு வெச்சிருந்த பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டுனா. டாக்டர் பாத்ததும் துள்ளிட்டாரு. ஏழு மாசத்துல பொறந்த புள்ளை. தொப்புள்ல ஒம்பது நாள் கொழாய். எல்லாம் அதுலயே எழுதியிருந்துது.

"ஆபரேஷனே வேண்டாங்க."

ஆஸ்பத்திரின்னுகூடப் பாக்காமக் கை தட்டிப்போட்டேன். விஜயராணி சுவத்தைப் புடிச்சுக்கிட்டு அழுதா.

ரிப்போர்ட் டைப் அடிக்கிற பொண்ணுக்குச் சொல்றதுக்காக, டாக்டர் அதே உற்சாகத்துல சீட்டை மேல இருந்து சத்தமா வாசிக்க ஆரம்பிச்சாரு. "பேபி ஆஃப்..."

விஜயராணி எட்டி அந்த வரியைக் கையால பொத்திக்கிட்டு, மெல்லச் சொன்னா.

"பெத்தவ பேரை மட்டும் வாசிக்காதீங்க சார். பிள்ளைக்கு இன்னும் தெரியாது."