இருபது வருஷ ஃபோட்டோ

“உன் கை பட்டா எதுதான் உருப்படும்? இருபது வருஷ ஃபோட்டோ போச்சேடி.”

அசோகன் போட்ட சத்தம் திருவொற்றியூரில் அந்தத் தெருவுக்கே கேட்டது. வீட்டுக் கம்ப்யூட்டர் காலையிலிருந்து உயிரில்லாமல் கிடந்தது.

“போனா போவுது, வுடுய்யா,” என்றாள் மனைவி மலர்க்கொடி. “நான் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கியாறேன்.”

கல்நெஞ்சக்காரி என்று திட்டிக்கொண்டே, அசோகன் பெட்டியை ஃபர்ஹானின் ரிப்பேர் கடைக்குத் தூக்கிப்போனார்.

மதியம் ஃபர்ஹான் தலையைச் சொறிந்தான். “உன் ஃபோட்டோ எல்லாம் பத்திரமா கீது அண்ணாத்த. அண்ணி கீற ஃபோட்டோவும் அண்ணியோட சர்டிபிகேட்டும்தான் இல்ல.”

“கிராஷ்ல போச்சா?”

“இல்ல. போன வாரமே யாரோ பொறுமையா காபி எடுத்துக்கினு அழிச்சிருக்காங்க.”

அசோகன் வீட்டுக்கு ஓடினார். மீனும் வரவில்லை, மீன் வாங்கப் போனவளும் வரவில்லை.

மலர்க்கொடி இப்போது மணலி புதுநகரில் தனியாகக் குடியிருக்கிறாள். வீடு பார்த்துக் கொடுத்தவள் எதிர்வீட்டு ரஹீமுன்னிசா. அவள் போகப்போவது அசோகனைத் தவிரத் தெருவுக்கே முன்பே தெரியும்.