திரும்பிப் பார்க்காத மனுஷன்

மேலே இருந்து இறங்கி வந்த லொறி நின்றது. கீழே இருந்து ஏறி வந்த பாயிஸின் லொறியும் நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம் இடம்.

மஹியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறுகிற பதினெட்டு வளைவு வீதி அது. போன கிழமை பெய்த மழையில் மண் சரிந்து, அந்த வளைவில் ஒரு வாகனம் போகத்தான் வழி மிஞ்சியிருந்தது.

பாயிஸின் லொறியில் இருநூறு மூட்டை அரிசி. மலையில் ஏறி வருகிறவனுக்கு இறங்கி வருகிறவன் வழி விட வேண்டும் என்பது ஸ்டியரிங் பிடித்த எல்லோருக்கும் தெரியும்.

அவன் ஹோர்ன் அடித்தான்.

எதிர் லொறிக்காரர் அசையவில்லை. அறுபது வயதிருக்கும். நரைத்த மீசை. போட்டோ எடுக்க உட்கார்ந்தவர் மாதிரி நேரே பார்த்தபடி இருந்தார்.

பாயிஸ் தலையை வெளியே நீட்டினான். "அண்ணே, கொஞ்சம் பின்னுக்கு எடுங்க. லோடோட ஏறி வாறேன்."

"முடியாது தம்பி."

அவ்வளவுதான். அதையும் பாயிஸைப் பார்த்துச் சொல்லவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

வேறொரு நாளாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பாயிஸ் கை நீட்டுவதில் பேர்போனவன். மாத்தளையில் ஒரு பஸ் சாரதியின் சட்டை, குருநாகலில் ஒரு வேன்காரரின் மூக்கு. இரண்டு முதலாளிமார் அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது முதலாளி சாவியைக் கொடுக்கும்போதே, இன்னொரு சண்டை என்று காதில் விழுந்தால் சாவியைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். இனி ரோட்டில் ஒருத்தர் மேலும் கை வைக்க மாட்டேன் என்று மனைவி றம்லத் அவனை மூன்று தரம் சொல்ல வைத்திருந்தாள்.

ஆகவே பாயிஸ் இறங்கிப் போனான். சிரித்த முகத்தோடு போனான். அது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை, கன்னம் வலித்தது.

இருநூறு மூட்டையைப் பற்றிச் சொன்னான். தன் லொறிக்குப் பின்னால் நிற்கிற பஸ்ஸைப் பற்றிச் சொன்னான். பெரியவரின் தாடை ஓர் அங்குலம்கூட அசையவில்லை. கண்மணி மட்டும் ஓரத்துக்கு நகர்ந்து, அவனைப் பார்த்து, திரும்பவும் நேரே போய் நின்றது. காலடியில் கிடக்கிற பூச்சியைக்கூட மனிதர்கள் அதைவிட மரியாதையாகப் பார்ப்பார்கள்.

"இந்த ஆளுக்கு ரெண்டு போட இங்க ஒருத்தருமில்லையா?" என்று பஸ் கொண்டக்டர் சத்தமாகக் கேட்டார்.

பாயிஸ் இரண்டு கைகளையும் இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்குள் சுருட்டிக்கொண்டான்.

பிறகு அவன் செய்ததை அவனே நம்பவில்லை. பஸ், இரண்டு வேன், ஒரு டிரக்டர் என்று தனக்குப் பின்னால் நின்ற ஒவ்வொன்றிடமும் நடந்து போய், கொஞ்சம் பின்னுக்கு எடுங்கள் என்று கெஞ்சினான். எல்லாம் ஒதுங்கியதும், இருநூறு மூட்டையோடு அந்த வளைவில் பின்னோக்கி இறங்கினான். சக்கரத்தின் கீழிருந்து கற்கள் பள்ளத்துக்குள் உருண்டன. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அகலமான இடத்துக்கு வந்து நிறுத்தியபோது பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

நெஞ்சு லேசாகிவிட்டது. சண்டை பிடிக்காமல் ஒரு காரியத்தை முடித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பெரியவரின் லொறி மெதுவாக இறங்கி வந்து, ஜன்னலுக்கு ஜன்னல் நேராக நின்றது.

"ரொம்பப் புண்ணியமாப் போச்சு தம்பி" என்றார். முன்கண்ணாடியைப் பார்த்து.

பாயிஸுக்குத் தான் எப்போது குதித்தோம் என்று ஞாபகமில்லை. அந்த லொறியின் படியில் நின்றுகொண்டிருந்தான். அவனுடைய இரண்டு கைகளும் ஜன்னலுக்குள் போய்ப் பெரியவரின் தாடையைப் பிடித்திருந்தன.

"சொல்றதெண்டா மனிசன்ட மொகத்தப் பாத்துச் சொல்லு!"

திருப்பினான்.

'கடக்' என்றது.

பெரியவர் போட்ட அலறல் மலை முழுக்கக் கேட்டது. பஸ்ஸுக்குள் யாரோ "கொன்னுட்டான்!" என்று கத்தினார்கள். பாயிஸ் கையை எடுத்தான். முதலாளிக்கு என்ன சொல்வது என்பதைவிட, றம்லத்துக்கு என்ன சொல்வது என்றுதான் முதலில் பயம் வந்தது.

பெரியவர் கண்ணைத் திறந்தார். மெதுவாக வலப்பக்கம் திரும்பினார். இடப்பக்கம் திரும்பினார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. எட்டி, பாயிஸின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மூணு நாளா தம்பி! கொழும்புல லோடுக்கு நின்னு, லொறியிலயே கோணலாப் படுத்ததுல கழுத்து அப்படியே பூட்டிக்கிச்சு. வெளிய சொன்னா வண்டிய விட்டு எறக்கிருவாங்க. பின்னால பாக்காம இந்த வளைவுல எப்படி ரிவர்ஸ் எடுக்கிறது?"

முடியாது என்று அவர் சொன்னது பாயிஸின் காதில் இப்போதுதான் சரியாக விழுந்தது.

பஸ் கொண்டக்டர் மெல்லப் பாயிஸின் பக்கத்தில் வந்து, தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

பெரியவர் கண்டி மஹய்யாவைக்காரர், பெயர் இருளப்பன், முப்பத்தோரு வருஷமாக லொறி ஓட்டுகிறவர். திரும்பக் கிடைத்த கழுத்தை வைத்து அவர் முதலில் செய்தது, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்ததுதான்.

மேலே வளைவுக்கு மேல் வளைவாக நாலு அடுக்கு. பஸ்கள், வேன்கள், பூச்சரம் கட்டிய ஒரு கல்யாணக் கார். எல்லாரும் ரோட்டில் இறங்கி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருளப்பன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கியரைப் போட்டார். கீழே ஒதுங்கி நின்ற பஸ்ஸையும் வேன்களையும் டிரக்டரையும் ஒவ்வொன்றாகக் கடந்து போனார். ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தத் தடவை கழுத்தில் ஒரு குறையும் இல்லை.