ஓரத்து வெளிச்சம்

இருமினான்.

டிக்.

வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஆதிரை பட்டனை அழுத்தினாள். பதினாறு வயது மகள். இடது கண்ணை மூடிக் கட்டியிருந்தார்கள். வலது கண்ணுக்கு எங்கே ஒளிப்புள்ளி தெரிந்தாலும் அழுத்த வேண்டும். சோதனை அவ்வளவுதான்.

நடுவில் விழுந்த புள்ளிகளுக்குத் தானாகவே அழுத்தினாள்.

வலது ஓரத்துப் புள்ளிகளுக்குத்தான் இவன் இருமினான்.

டெக்னீஷியன் அம்மாவின் திரையில் புள்ளி விழும் இடம் பின்னால் நின்ற இவனுக்குத் தெரிந்தது. ஓரம் விட்டுப்போனால் என்ன அர்த்தம் என்றும் தெரியும். இதே நாற்காலியில் இரண்டு ஓரங்களையும் கோட்டைவிட்டவன் இவன். மூளைக்கு அடியில், பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. கண் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. மூக்கு வழியாகப் போய் எடுத்தார்கள்.

"மூளையத் தேடித்தான் போனாங்க. அது கிடைக்கல. வெறுங்கையோட வரக் கூடாதுன்னு கட்டிய எடுத்துட்டு வந்தாங்க" என்று பார்க்க வந்தவர்களையெல்லாம் சிரிக்க வைத்தான்.

அப்புறம் கழுத்தில் ஒன்று. கணையத்தில் ஒன்று.

பரம்பரை என்றார் டாக்டர். பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

மகள் பேருக்கு அரை சென்ட் நிலம் எழுதிவைக்கத் துப்பில்லாதவன். இதை மட்டும் பத்திரமே இல்லாமல் எழுதிவைத்துவிட்டானா?

கொஞ்ச நாளாக ஆதிரை கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறாள்.

ஓரம். இருமினான். டிக்.

ஓரம். இருமினான். டிக்.

ஓரம்.

இருமல் வரவில்லை.

டிக்கும் வரவில்லை.

டெக்னீஷியன் அம்மா திரும்பிப் பார்த்தார். "என்ன சார், பரீட்சை ஹால்ல பிட்டு குடுக்கறீங்களா? வெளிய நில்லுங்க. இனி முதல்லருந்து போடணும்."

ஆதிரை தலையைத் திருப்பவில்லை. "நீ போப்பா. நான் பாத்துக்கறேன்."

வெளியே வந்தான். கதவை முழுக்கச் சாத்தாமல் காதை வைத்தான்.

டிக்.

டிக். டிக்.

இவனுக்கு மூச்சு வந்தது.

டிக். டிக். ஒன்றுகூட விடவில்லை.

வீட்டுக்குப் போனதும் இதை எப்படிச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டான்.

உள்ளே டெக்னீஷியன் அம்மாவின் குரல் கேட்டது.

"பொறும்மா, நான் இன்னும் லைட்டே போடல. எதுக்கு அழுத்தற?"



டிக்.