ஆம்ப்ளிஃபயர் இரைச்சல்

பதினைந்து நாளா, இருபது நாளா, சரியாக நினைவில்லை. மனைவி லோகப்பிரியா கோபித்துக்கொண்டு அவிநாசிக்குப் போன பிறகுதான் அருள்குமாரின் ஆம்ப்ளிஃபயர் இரைய ஆரம்பித்தது. அவள் இல்லாமலே சமாளிப்பேன் என்ற பிடிவாதத்தில் வயர், ஸ்பீக்கர் எல்லாம் மாற்றினான். இரைச்சல் போகவில்லை.

எலக்ட்ரீசியன் நிஜாம் வந்து, கொல்லைச் சுவரோரம் மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

"எர்த்துக் குழி காஞ்சு கெடக்குதுங்க. மண்ணு ஈரமா இருந்தாத்தான் எர்த்து புடிக்கும், இல்லீன்னா இப்படித்தான் இரையும். முன்னாடி யாருங்க தண்ணி ஊத்துனது?"

அருள்குமார் காய்ந்த மண்ணைக் காலால் தள்ளினான்.

"ஊட்டுக்காரிங்க. பாத்திரம் கழுவற தண்ணிய அங்கதான் ஊத்துவா. செவுரு கெட்டுப்போகுதுன்னு திட்டிப்போட்டேன். அதுலதான் போயிட்டா."

நிஜாம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். இரைச்சல் அடங்கியது.

"தெனமும் நீங்களே ஊத்திக்கலாங்க. அம்மணி வேணும்னு இல்லீங்க."

"வேணுங்க," என்று பைக் சாவியை எடுத்தான் அருள்குமார்.

லோகப்பிரியா அன்றைக்கே திரும்பிவிட்டாள். பாத்திரம் இப்போது அவன்தான் கழுவுகிறான்.