புல்மேட்டில் கூடாரம்

முத்துக்கண்ணன் எழுந்தான், பல் தேய்த்தான், கட்டஞ்சாயா போட்டுக் குடித்தான், ஏலத்தோட்டத்துக் கேட்டைத் திறந்தான். வெளியே முதுகில் பையோடு இரண்டு இளைஞர்கள் நின்றார்கள்.

“அண்ணே, உங்க புல்லுமேட்டுல இன்னைக்குக் கூடாரம் போட்டுக்கலாமா? சின்னதா தீயும் மூட்டிக்கிறோம்.”

“கேட்டுட்டுத் தங்குற ஆளுகளும் இருக்காகளா?”

“போன பங்குனியில கேக்கலண்ணே. மூட்டுன தீ பரவிருச்சு. கூடாரத்த விட்டுட்டு ஓடிட்டோம். நல்லவேளை, புல்லுதான் எரிஞ்சுது.”

முத்துக்கண்ணன் மேட்டை ஏறிட்டுப் பார்த்தான்.

“தாராளமா தங்குங்க. புல்லு காஞ்சு மெத்தை மாதிரி கெடக்கு.”

அவர்கள் ஏறிப் போனதும் தீப்பெட்டியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

போன பங்குனியில் அவன் முதலில் ஓடியது அந்தக் கூடாரத்துக்குத்தான். அது காலியாக இருந்தது. மேட்டின் உச்சியில் தீயில் மாட்டிக்கொண்ட மனைவி சூர்யகலா, கடைசியாகப் போனில் அப்படித்தான் சொல்லியிருந்தாள்:

“ஏங்க, கீழ கூடாரத்துல பிள்ளைக இருக்கும்போல. பாவம், மொதல்ல அதுகள எறக்கி விட்டுட்டு வாங்க.”