ஊசிக்கண்

"அத்தை, எப்பப் பார்த்தாலும் டேப்லெட்டும் கையுமா? கண்ணு கெட்டுப்போகப் போகுது!"

"இதோ வெச்சிடறேம்மா. அந்த அலமாரியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா ஜன்னல் வெளிச்சம்..."

"அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் அத்தை."

வானியல் ஆராய்ச்சியாளரான மருமகள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தலைபோகிற வேலை. நம் பால்வெளி மண்டலத்தின் வெளி விளிம்பில், மிக மிக மங்கலான நட்சத்திரக் கூட்டம் ஒன்று சிக்கியிருந்தது. மொத்தமே முப்பது நட்சத்திரங்கள். வேறு யாரும் முந்திக்கொள்வதற்குள் கட்டுரையை அனுப்பியாக வேண்டும்.

கம்ப்யூட்டர் கோட்டைவிட்ட அதைக் கண்டுபிடித்தவர், இணையத்தில் வானப் படங்களைச் சலித்துத் தரும் தன்னார்வலர் ஒருவர். புனைபெயர் 'ஊசிக்கண்'. ஆறு மாதமாக மின்னஞ்சல் பழக்கம். 'ஐயா, இந்தப் படத்தைப் பற்றித் தங்கள் கருத்து?' என்று இவள் கேட்பாள். பத்தே நிமிடத்தில் பதில் வரும்.

இன்று எழுதினாள்: 'ஐயா, கட்டுரையில் என் பெயருக்கு முன்னால் உங்கள் பெயர்தான் வர வேண்டும். உண்மைப் பெயரும் முகவரியும் அனுப்புங்கள்.'

இந்த முறை பதில் வர ஒரு மணி நேரம் ஆனது. படித்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவள் வீட்டு முகவரி!

ஹாலுக்கு ஓடினாள்.

"அத்தை, நீங்களா? எழுதறது நான்னு தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

மாமியார் சங்கடமாகச் சிரித்தார்.

"சொல்லியிருந்தா, அன்னிக்கே என்கிட்ட கருத்து கேக்கறதை நிறுத்தியிருப்பியேம்மா!"