உறைமோருக்குப் போன இடத்தில்

உறைமோருக்காகத் திறந்த ஃப்ரிட்ஜை அவள் இன்னும் மூடவில்லை.

கண், முட்டை வைக்கும் குழியில் நின்றுவிட்டது.

முட்டை இல்லை. சுண்டுவிரல் உயரத்தில் ஒரு புட்டி. கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்து.

"நீங்களே எடுத்துக்குங்க்கா, துணி நனையுது" என்று வசுமதி மொட்டை மாடிக்கு ஓடியிருந்தாள். எடுத்துக்கொள்ளச் சொன்னது மோரைத்தான். அதற்காக மற்றதைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

மூக்குவரை கொண்டுபோய்ப் படித்தாள். மருந்துக்கடைக்காரர் பேனாவால் எழுதியிருந்தார்: இரவு, ஒரு சொட்டு.

இடுப்பில் செருகியிருந்த பர்ஸிலிருந்து தன்னுடையதை எடுத்தாள். காலை ஒன்று, மாலை ஒன்று.

இரண்டையும் உள்ளங்கையில் வைத்து, புடவைக் கரை பார்க்கிற மாதிரி மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

அவளுடையது எரியும். கண் சிவக்கும். சிவந்தால் காம்பவுண்டே என்னவென்று கேட்கும். அங்கே கேள்வி கேட்பது அவள் வேலை. பதில் சொல்லிப் பழக்கமில்லை.

அதனால் பாதி நாள் போடுவதில்லை.

கண்ணில் அழுத்தம் என்றார் டாக்டர். விட்டால் ஓரத்திலிருந்து பார்வை போகும், போனது திரும்பாது என்றார். வேறொரு மருந்தும் சொன்னார். எரிச்சல் குறைவு. ராத்திரி ஒரு தடவை போதும். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். இமைமுடி மட்டும் நீளமாக, அடர்த்தியாக வளரும்.

"இந்த வயசுல இமை வளத்தி நானென்ன சினிமாவுக்கா போறேன்? ஊரு சிரிக்குமுங்க" என்று வந்துவிட்டாள்.

இமை.

ஃப்ரிட்ஜின் குளிர் முகத்தில் அடித்தது.

தண்ணீர் லாரிக்கு நின்ற வரிசையில் ஆரம்பித்து வைத்ததே அவள்தான். "புருசன் போயி வருசம் திரும்பல, வசுமதி இமையப் பாத்தீங்களா? மை தீட்டறது யாருக்காம்?"

அது கை கால் முளைத்து, மூன்று மாடியும் ஏறி இறங்கி, வழியில் ஒரு ஸ்கூட்டர்காரனையும் சேர்த்துக்கொண்டு அவளிடமே திரும்பி வந்தது. அவளும் புதிதாகக் கேட்பதுபோல் வாயைப் பிளந்தாள்.

இப்போது, அது மையில்லை, மருந்து என்று சொல்லிவிடலாம்.

உனக்கெப்படித் தெரியும் என்பார்களே.

வசுமதியின் புட்டி மூடியைத் திருகினாள். ஒரே ஒரு சொட்டு. எரிகிறதா என்று பார்க்கத்தான்.

காதைத் தீட்டினாள். மழைச் சத்தம் மட்டும்.

கடைக்கண்ணால் அங்கும் இங்கும் ஒரு பார்வை. இத்தனை வருஷம் காம்பவுண்டையே கட்டி மேய்த்த கடைக்கண். யாருமில்லை.

தலையை அண்ணாந்தாள்.

ஈரத்துணி வாசனை அடித்தது.

"ஏனுங்க்கா." இடது தோளுக்குப் பக்கத்தில் குரல். "அப்பப் புடிச்சு இங்கயேதான் நிக்கறேன். எடப்பக்கம் எத்தன நாளாத் தெரியறதில்ல?"

அவள் தலையைத் திருப்பினாள்.

இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

இன்னும்.

அதற்குப் பிறகுதான் அந்த இமைகள் வந்தன.